இடுப்புப் பட்டையும் இரும்புக் காலும்

முருகேஸ்வரி எதையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். அடுப்பை அணைத்த பிறகும் திரும்பி வந்து பார்ப்பாள். அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறை தீப்பிடித்து அவள் புருஷன் மாரிசாமி போனதிலிருந்து அப்படித்தான். அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். அன்றைக்கு அவர் வைத்தாரா, மறந்தாரா? சொல்ல ஆளில்லை.

மகள் கீர்த்திகா பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினாள். அரைச் சாண் அகலக் கட்டையின்மேல் நடந்து, ஒற்றைக் காலில் திரும்பி நிற்க வேண்டும். மாநிலப் போட்டிக்கு ஒருத்திதான் போகலாம். ஒன்று கீர்த்திகா, இல்லையென்றால் பட்டாசு முதலாளி மகள் பிரீத்திகா. இந்த நேரம் பார்த்து ஒரு கருவி வந்து இறங்கியது. இடுப்பில் கட்டும் பட்டை, அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. உடம்பு சாய்ந்தால் பெட்டி கத்தும், கணினித் திரையில் கோடு சிவக்கும். வாங்கிக் கொடுத்தவர் பிரீத்திகாவின் அப்பா.

பிரீத்திகா கட்டினால் பெட்டி கம்மென்று இருந்தது. கீர்த்திகா கட்டினால் கத்தியது.

முருகேஸ்வரி ஆலை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து நின்றாள்.

“ஏன் சார், வாங்கிக் குடுத்தவுக புள்ளைக்கு மட்டும் பெட்டி வாயே தெறக்காதாமே?”

பயிற்சியாளர் இராமகிருஷ்ணன் சிரித்தார். “ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டிதாங்க்கா.”

“உள்ள என்ன வச்சிருக்கீகளோ! எங் கண்ணு முன்னால கட்டுங்க.”

“ஒங்க ஆலையச் சோதிக்க வர்ற ஆபீசர்கூட இம்புட்டு நோண்ட மாட்டாருக்கா.”

பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பிரீத்திகா ஏறி இறங்கியதும் அதையே அவிழ்த்து மகளுக்குத் தன் கையால் கட்டினாள். கீர்த்திகா கட்டையருகே போனதுமே பெட்டி கத்தியது.

“இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள கத்துது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“அங்கனதான்க்கா கோளாறே. அந்தச் சாய்வோடயே ஏறுறா, திரும்புறப்ப வலப்பக்கம் தள்ளுது. திருப்பத்துல பிரீத்திகாவவிட இவதான் அழகு. இந்தச் சாய்வு போச்சுன்னா இவ பேரத்தான் அனுப்புவேன். கீர்த்தி, இன்னொருக்கா.”

இந்த முறை முருகேஸ்வரி திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். கீர்த்திகா வலப்புறம் குனிந்து கட்டையின் இரும்புக் காலில் உள்ளங்கையைப் பதித்தாள். பெட்டி கத்தியது. இடுப்பு நிமிருமுன்பே மேலே தாவினாள்.

“சாமி கும்பிடுறான்னு நெனச்சு நான் அதக் கேக்கல,” என்றார் இராமகிருஷ்ணன்.

சாமி இல்லை. மாரிசாமி போன பிறகு, வாசல் இரும்புக் கம்பியைத் தொடாமல் மகளை ஒருநாளும் வீட்டுக்குள் விட்டதில்லை முருகேஸ்வரி.

தொடாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லி, ஏதாவது ஆகிவிட்டால்? கட்டைக்குக் கீழே விரித்த மெத்தைக்கு அடியில் பார்த்தாள், மூலைகளில் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

“கீர்த்தி, இங்கன தொட வேணாம்டி. இங்கன மருந்து இல்ல.”

“நெசமாவாம்மா?”

“நான் பாத்துட்டேன். ஏறு.”

கீர்த்திகா நேராக ஏறினாள். நடந்தாள், ஒற்றைக் காலில் திரும்பினாள், நின்றாள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. இராமகிருஷ்ணன் கை தட்டினார். கீழே நின்ற முருகேஸ்வரி தட்டவில்லை; மகள் இறங்கும்வரை அவளுடைய உள்ளங்கை கட்டையின் இரும்புக் காலை விட்டு அகலவில்லை.