புகைக்கொட்டகையில் ஒரு படம்

இராஜமாணிக்கத்துக்குப் படம் பிடிக்கும் பைத்தியம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடமிருந்துதான் தொற்றியது. மலாயாவில் செண்டாயான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் துரை பங்களா வேலைக்காரன் அவன். துரையிடம் சாவி கொடுத்து ஓடவிடும் சின்னச் சினிமாக் கேமரா ஒன்று இருந்தது. துரைக்கு ஆசை இருந்த அளவுக்குக் கை நிதானம் கிடையாது. ஒரு காட்சி வெட்டுப்பட்டு அடுத்தது வந்து குதித்தால் முகம் சுளிப்பார். மெல்ல இருட்ட வேண்டும், மெல்ல விடிய வேண்டும் அவருக்கு.

அதற்கு வழி கண்டுபிடித்தது இராஜமாணிக்கம். ஒரு சாண் கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய் விளக்கின் மேல் பிடித்து, ஒரு முனை சுத்தமாகவும் மறுமுனை அட்டைக் கறுப்பாகவும் வரும்படி கரி ஏற்றினான். லென்சுக்கு முன்னால் அதைப் பத்து எண்ணி நகர்த்தினால் காட்சி இருண்டு அடங்கும். பிறகு லென்சை மூடி, பிலிமை அதே பத்து அளவுக்குப் பின்னால் சுற்றி, கண்ணாடியை எதிர்ப்பக்கமாக நகர்த்தியபடி அடுத்ததை எடுத்தால், போகிற காட்சிக்குள்ளிருந்தே வருகிற காட்சி எழும்பும். துரை அதைத் தன் கைவேலை என்று கிளப்பில் பீற்றிக்கொண்டார்.

யுத்தம் வருவதற்குச் சில மாதம் முன்னால் தன் தங்கை வள்ளிநாயகியை அப்படி எடுத்தான். அவள் ஒரு ரப்பர் மரத்தடியில் பால் வெட்டிக்கொண்டிருப்பாள். மெல்லக் கரைவாள். அதே மரத்தடியில் அவள் புருசன் நல்லசாமி பால் வாளிகளோடு நிற்பான். நடுவில் பத்து எண்ணும் நேரத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாக இருப்பார்கள். கழுவுவதற்குச் சிங்கப்பூர் போன பிலிம் திரும்பி வந்த வாரமே ஜப்பான்காரனும் வந்தான். துரை நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வேலைக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிலிமும் படம் காட்டும் பெட்டியும் இராஜமாணிக்கத்திடமே தங்கிவிட்டன.

அந்த வருசமே வள்ளி மலேரியாவில் செத்தாள். கொயினா மருந்து எங்கும் இல்லை. தன் படத்தை அவளும் பார்க்கவில்லை, நல்லசாமியும் பார்க்கவில்லை. அதற்கடுத்த வருசம் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கத் தொடங்கியதும், நல்லசாமி தோட்டத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஒளிந்துகொண்டான். அவித்த மரவள்ளிக்கிழங்கை ஒரு பட்டமரத்தின் பொந்தில் வைத்துவிட்டு வருவது இராஜமாணிக்கத்தின் வேலை.

அப்போதுதான் ஆறுமுகம் கிராணி அவனைக் கூப்பிட்டார். துரை ஓடிய பிறகு தோட்டத்துக் கணக்கும் அதிகாரமும் அவர் கையில்தான்.

"ஜனங்க செத்துச் சுண்ணாம்பாக் கிடக்குதுங்க. துரை படத்தைக் காட்டேன், கொஞ்சம் சிரிக்கட்டும். ஜப்பான்காரன் நாளன்னிக்குச் சிரம்பான் டவுனுக்குப் போயிடறான். காட்டுல இருக்கவனுங்களையும் வரச் சொல்லு. நான் இருக்கேன்லா."

வள்ளியின் பாடைக்குத் தோள் கொடுத்த மனிதர் அவர். நம்பாமல் என்ன செய்வான்? படப்பெட்டியைக் கையால் சுற்றலாம், விளக்குக்கு மட்டும் பேட்டரி வேண்டும் என்றான். மறுநாள் காலையில் புத்தம்புது லாரி பேட்டரி வந்து இறங்கியது. தோட்டத்து லாரி ஆறு மாதமாக டயர் இல்லாமல் கிடந்தது. இந்தப் பேட்டரி எந்த லாரியுடையது என்று கேட்டிருக்க வேண்டும். மடையன், கேட்கவில்லை. படம் ஓடும் என்ற சந்தோசத்தில் பொந்தண்டை ஓடி, "மாப்ள, வள்ளிய வந்து பாருய்யா" என்று காட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் கூட்டம் கூடியது. ரப்பர் வாங்க ஆளில்லாததால் கொட்டகை காலி. ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. நல்லசாமி தாடியும் சிரங்குமாகத் தரையில் முன்னால் வந்து உட்கார்ந்தான். சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் படம் வெளிறித் தெரிந்தது.

"கதவ சாத்துங்க, வெளிச்சம் வந்தா ஒண்ணும் தெரியாது!" என்று இராஜமாணிக்கம் கத்தினான். வாசலில் நின்ற கிராணி வெளியே போய்ச் சாத்தினார்.

வள்ளி வந்தாள். கொட்டகையே "ஐயோ, வள்ளி!" என்றது. அவள் கரையக் கரையப் படத்தில் நல்லசாமி எழும்பினான். தரையில் இருந்த நல்லசாமி வேட்டியருகே போய், கைபட்டால் கலைந்துவிடும் என்பதுபோல் தொடாமல் நின்றான்.

"இன்னொரு தரம் மச்சான்."

இராஜமாணிக்கம் பிலிமைப் பின்னால் சுற்றிக் காட்டினான். நல்லசாமி மறுபடி இன்னொரு தரம் என்றான். அதையும் காட்டினான். மூன்றாம் தரம் இருவரும் ஒன்றாக நின்றபோது வெளியே லாரிகளின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார்கள். பூட்டியிருந்தது.

கதவு திறந்தபோது வெளிச்சத்தில் படம் அழிந்துபோயிற்று. சிப்பாய்களுக்கு நடுவே கிராணி பேர்ப்பட்டியலோடு நின்றார். ஆண்களை ஒவ்வொருவராக இழுத்து லாரியில் ஏற்றினார்கள். இராஜமாணிக்கமும் ஏறப் போனான். கிராணி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நீ நில்லு. உன் பேரு இதுல இல்ல."

லாரியிலிருந்து நல்லசாமி அதைக் கேட்டான். "அவளக் காட்டுறேன்னு கூப்பிட்டு என்னைப் புடிச்சுக் குடுத்திட்டியே மச்சான்!" என்றான். இராஜமாணிக்கம் கிராணியின் பக்கம் திரும்பினான்.

"என்ன கிராணி இது? என்னையும் ஏத்துங்க!"

"பைத்தியமா? அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்துல காட்டணும். நீ இல்லாம யாரு ஓட்டுவா?"

இராஜமாணிக்கம் கொட்டகைக்குள் போனான். சூடாக இருந்த பல்பைப் பிடுங்கி, விரல் வெந்தபடியே சிமெண்டுத் தரையில் அடித்தான். நாட்டில் வேறு பல்பு கிடைக்காது. கிராணி கன்னத்தில் ஓர் அறை விட்டு, பட்டியலின் கடைசியில் பென்சிலால் அவன் பெயரை எழுதினார்.

லாரியில் நல்லசாமி நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. சயாமில் ஐந்து மாதம் ஒரே கொட்டகையில் படுத்தார்கள்; நல்லசாமி எப்போதும் இவனுக்கு முதுகைக் காட்டியே படுத்தான். பேட்டரி, கிராணி சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இவன்தான் அந்த முதுகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். காய்ச்சலில் கிடந்தபோது நல்லசாமி ஒரே ஒரு தரம் திரும்பினான்.

"கிராணி ஏமாத்திட்டாருங்கற. சரி. கதவ சாத்தச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றான் இராஜமாணிக்கம். வேறென்ன சொல்ல? இரண்டு நாளில் நல்லசாமி போய்விட்டான்.

யுத்தம் முடிந்து இராஜமாணிக்கம் எலும்பும் தோலுமாகத் தோட்டத்துக்கு வந்தான். ஆட்கள் வரிசையாக நிற்கும் விடியற்காலைப் பெரட்டில், புதுத் துரைக்குப் பக்கத்தில் பழையபடி மேசை போட்டு ஆறுமுகம் கிராணி உட்கார்ந்து வேலைக்குப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கொஞ்சமாவது கூச்சத்தைத் தேடினான். மருந்துக்கும் இல்லை.

"அடடே, பொழச்சு வந்துட்டியா! புதுத் துரைகிட்டயும் கேமரா இருக்குலா. நல்லசாமி எங்க?"

"அவன் செத்துட்டான். சாகறதுக்கு முன்னாடி கதவ சாத்தச் சொன்னது யாருன்னு கேட்டான். நான்தான்னு சொன்னேன்" என்றான் இராஜமாணிக்கம். "பூட்டுனது யாருன்னு அவன் கேக்கல, கிராணி."

கிராணி பேரேட்டைக் குனிந்து பார்த்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.