தலையசைப்புக்குக் காத்திருந்த பேனா

எழுபதுகளின் கடைசியில், போடிநாயக்கனூரிலிருந்து மலையேறினால் கேரளப் பக்கம் வருகிற ஏலத்தோட்டம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பனி இறங்குகிற நாட்களில் அங்கே எது மரம், எது ஆள் என்பது பக்கத்தில் போய் வணக்கம் சொன்ன பிறகுதான் தெரியும். நான் நிறைய மரங்களுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வேலை ஸ்டோரில். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்து வந்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். உள்ளே போனால் வெதுவெதுப்பும் வாசனையும் சேர்ந்து ஆளைப் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கும். காய்ந்த காயைச் சல்லடையில் தேய்த்துக் காம்பு உதிர்க்கும்போது தூசி பறக்கும் என்பதால், மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டு கட்டியிருப்பேன். இந்தத் துண்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள். பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது. இருந்த மலையாளப் பள்ளிக்கூடத்துக்கும் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு காட்டுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும். அவளைப் பள்ளிக்கு அனுப்பாததற்கு இது பாதிக் காரணம். மீதிக் காரணம் என் திமிர். என்னிடம் மூன்று தகரப் பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது. பிள்ளைகளை மந்தையாக அடைத்து வைப்பதா படிப்பு என்று, கேட்க ஆள் கிடைத்தால் ஒரு மணி நேரம் பேசுவேன். மலையில் ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதால் என் மனைவிதான் பெரும்பாலும் கேட்டாள்.

ஆகவே பள்ளிக்கூடம் ஸ்டோருக்குள்ளேயே நடந்தது. சாக்கை விரித்து மகள் உட்கார்ந்திருப்பாள். நான் காயைக் கிளறிக்கொண்டே நடப்பேன். ஒரு வரி எழுதுவாள், வாய்விட்டுப் படிப்பாள், நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். வாயில் துண்டு இருக்கிறதே, அதனால் சரியென்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுவேன். தப்பென்றால் ஆட்டாமல் நிற்பேன். அவளாகவே அடித்துவிட்டு வேறு எழுதுவாள். ஒரு வார்த்தை பேசாமல் எட்டு வருஷம் பாடம் நடத்திய வாத்தியார் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று பெருமையாக இருக்கும்.

“எதுக்கெடுத்தாலும் உங்க மூஞ்சியவே பாக்குறா. அது நல்லதாத் தெரியலைங்க” என்று மனைவி ஒருநாள் சொன்னாள்.

“பாக்குற மாதிரி மூஞ்சி, பாக்குறா” என்றேன். துண்டு கட்டியிருந்ததால் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

பதின்மூன்று வயதில் மகள், “நான் போடியில அத்தை வீட்டுல இருந்து ஒம்பதாங் கிளாஸ் படிக்கணும்ப்பா” என்றாள். கூடப் படிக்கிறதுக்கு ஆள் வேணுமாம். மூன்று பெட்டிப் புத்தகம் போதவில்லையா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கேட்டவள் கண் அப்படி இருந்தது. சரி என்று கீழே இறங்கிப் போடியில் விசாரித்தேன்.

பள்ளிக்கே போகாத பிள்ளையை நேரடியாக ஒன்பதில் சேர்க்க முடியாது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு என்று அரசாங்கம் நடத்துகிறது, இ.எஸ்.எல்.சி. என்பார்கள். அதில் தேறினால் உண்டு, இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் மலையில்தான். அதற்கு விண்ணப்பம் போட வயதுக்குச் சான்று வேண்டும். எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை என்று உறுதிமொழி வேண்டும். அதில் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற ஓர் அதிகாரியும் வேண்டும். பள்ளிக்கு அனுப்பாததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. நான் தனித்தாள் இணைத்து, கல்வி என்பது என்ன என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கல்வி அலுவலகத்து எழுத்தர் முதல் பக்கத்தைப் பாதி படித்தார்.

“அண்ணே, இது மனு. ‘பள்ளி தொலைவு’ன்னு ரெண்டு வார்த்தை எழுதி வெரசாக் கொண்டாங்க. எனக்குச் சோலி கெடக்கு.”

என் வாழ்நாள் சிந்தனை இரண்டு வார்த்தையில் அடங்கியது. அடங்கியதுதான் அதிர்ச்சி.

பச்சை மைக்கு அன்று ஊரில் அகப்பட்டவர் கால்நடை மருத்துவர் ஒருவர்தான். தாளை வாங்கிப் படித்துவிட்டு, கூட வந்திருந்த என் மகளைப் பார்த்தார்.

“வயசுக்கும் நானா சாட்சி? எனக்குப் பல்லப் பாத்துத்தானய்யா சொல்லத் தெரியும்.”

அவள் பட்டென்று ‘ஈ’ என்று காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, அத்தை கொண்டு வந்திருந்த பிறப்புச் சான்றைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்து என் மகள் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

தேர்வு நாளன்று விடியற்காலை ஜீப்பில் இறங்கினோம். வளைவுக்கு வளைவு பனி விலகிக் கொடுத்தது. கீழே போடி, யாரோ ஊதி ஊதிப் பற்றவைத்துக்கொண்டிருக்கிற அடுப்பு மாதிரி மெல்லத் தெரிந்து மறைந்தது.  மகள் பாவாடையிலும் என் சட்டையிலும் ஏலக்காய் வாசனை. ஏதோ நாங்கள் இன்னும் ஸ்டோரிலிருந்து வெளியே வராதது போலிருந்தது.

தேர்வு நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். வளாகத்து ஓரத்தில் ஒரு புளியமரம். அதன் கீழே நின்றால் அவள் உட்கார்ந்திருந்த அறையின் ஜன்னல் நேரே தெரிந்தது. மணி அடித்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் குனிந்தன. என் மகளும் குனிந்தாள், ஒரு வரி எழுதினாள், நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தவள் குனியவில்லை.

யோசிக்கிறாள், ஆழமான பிள்ளை என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து இன்னொரு வரி. மறுபடி நிமிர்ந்து எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். பேனா கையில் அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் யோசிக்கவில்லை. துண்டு கட்டிய ஒரு தலையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அது ஆடினால்தான் அடுத்த வரி.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஜன்னலுக்குக் கிட்டே போய், எம்பி எம்பித் தலையாட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது எம்பலில் ஜன்னலில் ஒரு முகம் வந்தது. மேற்பார்வைக்கு வந்த டீச்சர். சிலமலைப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது.

“யாருங்க நீங்க? எந்தப் பொண்ணுக்குச் சாடை காட்டுறீங்க?”

காப்பி அடிக்க உதவியதாக எழுதிக் கொடுத்தால் அவள் தேர்வு அதோடு முடிந்தது. எட்டு வருஷக் கதையை நாலு பக்கத்தில் எழுதத் தெரிந்த எனக்கு அன்று நாலு வார்த்தை வரவில்லை. ஸ்டோர், துண்டு, தலை என்று உளறினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

“தப்பா எழுதினா ஆட்ட மாட்டீங்கள்ல?”

“மாட்டேங்க.”

“அப்ப அது சாடைதான். பிள்ள பேர எழுதிக் குடுக்காம விடுறேன். நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயி உக்காருங்க. சாயங்காலம் வந்தாப் போதும்.”

போனேன். கிளம்பிப் போகிற பஸ்களையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலைமேல் மேகம் படுத்திருந்தது. அதற்குள் எங்கேயோ என் ஸ்டோரும் மூன்று பெட்டிப் புத்தகமும் இருந்தன. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க, அவை யாரோ சொன்ன கதை மாதிரி இருந்தன. மந்தையில் அடைக்கக் கூடாது என்று வளர்த்த பிள்ளையை, ஒரே ஆடு கொண்ட மந்தையில் அடைத்து வைத்திருந்திருக்கிறேன்.

மாலையில் வாசலில் டீச்சரே நின்றார்.

“காலையில ரொம்பச் செரமப்பட்டா. அவ நிமிந்தப்பல்லாம் நான் தலையாட்டுனேன். பேப்பர எட்டிக்கூடப் பாக்கல, சத்தியமா. சரியோ தப்போ, எல்லாத்துக்கும் ஆட்டுனேன். மதியம் கணக்குப் பரீட்சையில தலையே தூக்கல, ராசாத்தி.”

நன்றி சொல்வதற்குள் அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

திரும்பும் ஜீப்பில் மகளிடம், மதியம் ஏன் நிமிரவில்லை என்று கேட்டேன்.

“அந்த டீச்சர் எல்லாத்துக்கும் தலையாட்டுனாங்கப்பா. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வேணும்னே ஒண்ணத் தப்பா எழுதிட்டு நிமிந்து பாத்தேன். அதுக்கும் ஆட்டுனாங்க. சரி, இனி நாமளே பாத்துக்கிருவோம்னு அத அடிச்சுட்டு எழுதுனேன்.”  வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “நீங்களும் அப்பிடித்தானாப்பா? எல்லாமே தெரிஞ்சுதான் ஆட்டுனீங்களா?”

அன்று என் வாயில் துண்டு இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“எல்லாம் தெரியாதும்மா” என்றேன். “சிலதெல்லாம் சும்மா ஆட்டுனதுதான்.”

அவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். எட்டு வருஷப் பாடத்தில் நான் வாயைத் திறந்து சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் தேறினாள், கரையோரமாகத்தான், ஆனால் தேறினாள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, பெஞ்சில் இரண்டு பக்கமும் தோழிகளோடு உட்கார்ந்தாள். இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். என்னைக் கேட்காமல் எடுத்த முடிவுகளை, எடுத்து முடித்த பிறகு கடிதத்தில் தெரிவிக்கிறாள். இன்னும் அதே ஸ்டோரில் நின்றபடி அதைப் படிக்கும்போது என் தலை பழக்கத்தில் மேலும் கீழும் ஆடுகிறது. அதை நிமிர்ந்து பார்க்க எதிரே சாக்கில் யாரும் இல்லை என்பதுதான், பெயர் தெரியாத அந்த டீச்சர் எனக்குப் போட்டுவிட்டுப் போன மதிப்பெண்.