எலுமிச்சம்பழம் வைத்த டிஸ்க்

செத்துப்போன டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் எல்லோரும் "சும்மா இருந்துச்சு சார், தானா போயிடுச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கம்ப்யூட்டரோடு மாரடிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

இரண்டு உள்ளே, ஒன்று வெளியே

பெங்களூர் சிவாஜிநகரில் கல்யாண போட்டோ ஸ்டுடியோ நடத்தும் செல்வம், கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க், வெளியே யுஎஸ்பி வயரில் ஒன்று என மூன்றையும் சாஃப்ட்வேரால் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார். ஒன்று போனால் மற்ற இரண்டும் படங்களைக் காப்பாற்றும். இரண்டு போனால் கோவிந்தா.

தெருவில் பஸ் பிரேக் போட்டால் அந்த வயர் கழன்றுகொள்ளும். அடுத்த பஸ் பிரேக் போட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளும். என் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். "மூணையும் உள்ளேயே வைப்பா" என்றேன்.

"உள்ள எடம் இல்ல அங்கிள். அதுவே ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்றார் செல்வம். ஸ்வல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம்.

பூஜையில் உட்கார்ந்தது

ஆயுத பூஜையன்று போனேன். சாமி படத்துக்கு முன்னால் கேமரா, லைட், ஸ்டாண்டு. நடுவில், சந்தனம் குங்குமத்தோடு, அந்த வெளி டிஸ்க். தலையில் ஒரு எலுமிச்சம்பழம். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் ஒரு டிஸ்க்கைக் காணோமென்று சிவப்பு எழுத்தில் கத்திக்கொண்டிருந்தது.

"உடனே மாட்டுங்க, இன்னொண்ணு போனா அவ்வளவுதான்" என்றேன். செல்வத்தின் மனைவி கலா என் கையில் பொரியைத் திணித்தாள்.

"பூஜையில வெச்சதை உடனே எடுப்பாங்களா அங்கிள்? நல்ல நாளாப் பார்த்து மாட்டறோம்."

நல்ல நாளுக்கு முன்னால்

நல்ல நாள் வருவதற்குள் பொம்மனஹள்ளி ரேவதியின் கல்யாணம் வந்துவிட்டது. படங்களை உள்ளே இருந்த இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, கேமரா கார்டுகளையும் அழித்துவிட்டார்கள். அதன்பிறகு உள் டிஸ்க்கில் ஒன்று கண்ணை மூடியது. மிச்சமிருந்ததையும் பூஜை டிஸ்க்கையும் சேர்த்துவைத்து மல்லுக்கட்டினேன். பூஜைக்கு முன்னால் எடுத்த ரேவதியின் நிச்சயதார்த்தம் முழுசாக வந்தது. கல்யாணம் வரவில்லை. அது நடந்தபோது வெளி டிஸ்க் பூஜையில் இருந்ததே, அதற்கு எப்படித் தெரியும்?

ஆல்பம் வாங்க வந்த ரேவதியிடம் செல்வம் விஷயத்தைச் சொல்லி, "புடவை கட்டி மாலை போட்டு வாம்மா, மறுபடி எடுத்துத் தர்றேன்" என்றார். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். கலா அழ ஆரம்பித்தாள். கடைசியில் ரேவதி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சரிண்ணா, எடுக்கலாம். ஆனா எங்க மாமியாருக்குச் சொல்லாதீங்க. போன தடவை எல்லா போட்டோலயும் நடுவுல அவங்கதான் நின்னாங்க."

வெளியே தொங்கும் வயர் எதுவானாலும், அதைக் கழற்றுவதற்கு நல்ல காரணத்தோடு ஒரு ஆள் எப்படியும் வந்து சேருவார்.