ரூடி கங்காஸின் சட்டை வால்

பாதிரியார் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்ததும் ரூடி கங்காஸ் சட்டைப் பையிலிருந்து காய்ந்த நெற்று ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு பஞ்சிழையைப் பிரித்துத் தலைக்கு மேலே விடுகிறார். எருக்கு இனத்துச் செடியின் பஞ்சு. ஊதாமலே பறக்கும். அது முன்வரிசையைத் தாண்டி, சபைப் பொருளாளர் மனைவியின் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பியானோ பக்கம் போய் இறங்குகிறது. "தென்மேற்குக் காத்து. இங்க உக்காந்தா பியானோக்காரம்மா நம்மள மோப்பம் பிடிச்சிரும்," என்று மனைவி மார்லிஸின் காதில் சொல்கிறார். மார்லிஸ் கண்ணைத் திறக்காமலே முழங்கையால் அவர் விலாவில் ஒன்று வைக்கிறார். ஜெபம் முடிகிறது.

செப்டம்பர் பிறந்துவிட்டால் ரூடிக்கு இப்படித்தான். அக்டோபர் முதல் தேதி வில்வேட்டை தொடங்குகிறது, அதற்குள், மான் மோப்பம் பிடிக்காமலிருக்க, காற்று போகும் திசையைப் பழகிக்கொள்ள வேண்டும். வங்கியில் பஞ்சு விடுவார், முடிவெட்டும் கடையில் விடுவார், பல் மருத்துவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே விடுவார். வாசனைச் சோப்பைத் தொடமாட்டார், சோடா மாவுதான். வெங்காயத்தை அடியோடு நிறுத்திவிடுவார். வேட்டை உடுப்புகளை மூன்று வாரம் கொல்லைத் தேவதாரு மரத்தில் தொங்கவிடுவார். போன வருஷம் கால்சட்டையை மாட்டிய பிறகுதான் அதில் ஒரு அணில் குடித்தனம் நடத்துவது தெரிந்தது. அந்தக் கதையை அவரிடம் கேட்டால் மூன்று அணில் என்பார்.

அதுதான் ரூடி. மிச்சிகனின் வடகோடியில், மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். வயது அறுபத்திரண்டு. ஆளுயரப் பனி என்று அவர் சொன்னால் முழங்கால் அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பிடித்த மீன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அரை அடி வளரும். சும்மா சொல்லக்கூடாது, பொய்யை இவ்வளவு பிரியமாகச் சொல்கிற மனுஷரை நான்கு ஊர் தேடினாலும் பார்க்க முடியாது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாயில் பொய் வராது. அம்பு தவறினால் தவறியது என்றுதான் சொல்வார்.

அவருடையது சக்கரமும் கம்பியும் வைத்த நவீன வில் அல்ல. ஹிக்கரி மரத்தை அவரே செதுக்கிச் செய்த நெடுவில். குறிபார்க்க அதில் ஒரு முள்கூடக் கிடையாது, கண்ணும் கையும்தான். அம்புக்கு வான்கோழிச் சிறகு. கோடை முழுக்க மனைவியோடும் மைத்துனரோடும் காட்டில் நடந்து, உளுத்த மரக்கட்டைகளை எதிரியாகப் பாவித்து மொட்டை அம்பு விட்டுக்கொண்டே போவார். கட்டைகளில் எப்போதும் படும். "கட்டை மட்டும் நாலு காலோட ஓடுற ஜாதியா இருந்தா நான்தான்டா இந்த நாட்டுக்கே ராஜா," என்பார்.

ஊரிலிருந்து இருபது மைலில், ஏரிக்கரையில் இருக்கிறது குடும்பத்தின் வேட்டைக் குடில். மார்லிஸின் அப்பா ரெய்னோ கட்டியது. இப்போது அங்கே கூடுவது நான்கே பேர். ரூடி, மார்லிஸ், மார்லிஸின் தம்பி க்ளென், ஓய்வுபெற்ற தபால்காரர் ஆர்வில். நால்வருக்கும் நெடுவில்தான். நால்வரில் நன்றாக எய்கிறவர் மார்லிஸ். இதை மற்ற மூன்று பேரும் வருஷத்துக்கு ஒருமுறை, வாய் நிறையச் சாப்பாடு இருக்கும்போது ஒப்புக்கொள்வார்கள்.

குடிலின் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு அங்குலம் இடம் கிடையாது. முழுக்கச் சட்டை வால்கள். மானுக்கு விட்ட அம்பு தவறினால், தவறவிட்டவர் சட்டையின் பின்னால் தொங்கும் வாலை அன்றைக்கே கத்தரித்து, தேதி எழுதி, ஆணி அடித்துவிடுவார்கள். அந்தப் பக்கத்துக் குடில்களில் எல்லாம் இதுதான் வழக்கம். காட்டில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். தவறியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவரவர் வந்து அவரவர் வாயால் சொன்னால்தான் உண்டு. ஐம்பது வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். சுவரில் க்ளெனுக்கு ஒன்பது வால், ஆர்விலுக்குப் பதினான்கு, மார்லிஸுக்கு நான்கு, ரெய்னோவுக்கு மூன்று. ரூடிக்கு மட்டும் இருபத்தேழு.

மழை பெய்து காட்டுக்குப் போக முடியாத பகல்களில் நால்வரும் காப்பிக் கோப்பையோடு அந்தச் சுவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆர்வில் ஒரு குச்சியால் ஒவ்வொரு வாலாகத் தொடுவார். "இந்தக் கோடு போட்டது?" "அது க்ளென். அம்பை விட்டான், அது நேராப் போயி அவன் சோத்துப் பைக்குள்ள நின்னுச்சு." "பை கிளையில தொங்கிக்கிட்டு இருந்துச்சுக்கா, நான் என்ன செய்ய!" "இந்தப் பச்சை?" "அது நீங்கதான் ஆர்வில் அண்ணே. நாணை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே தும்முனீங்களே." வெள்ளைச் சட்டை வால் ஒன்று நடுவில் இருக்கிறது. அதன் மேல் குச்சி பட்டதும் எல்லோரும் ரூடியைப் பார்ப்பார்கள்.

அது அவர் மார்லிஸைப் பெண் கேட்டு வந்த இலையுதிர் காலம். மரியாதைக்காக வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டிக்கொண்டு வேட்டைக்கு வந்திருந்தார். மான் அவரைப் பார்த்தே ஓடியிருக்க வேண்டும், ஆனால் ஆச்சரியத்தில் நின்றுவிட்டது. அப்படியும் தவறவிட்டார். சாயங்காலம் ரெய்னோ கத்தரிக்கோலோடு வந்தபோது ரூடி எழுந்து திரும்பி நின்றார். "பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாமேப்பா?" என்றார் ரெய்னோ. "நெனச்சேன் மாமா. எடுத்த எடுப்புல வேணாம்னு விட்டுட்டேன்," என்றார் ரூடி. கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் எதையும் ஏற்றிச் சொல்வதில்லை. குரலும் கொஞ்சம் இறங்கிவிடும்.

இவ்வளவு வால் போனதில் ஒரு குடும்பச் சங்கடம் உண்டு. ரூடியிடம் முழுச் சட்டையே இல்லை. வீட்டில் இருக்கும் கம்பளிச் சட்டை அத்தனையும் முன்னால் நீளம், பின்னால் குட்டை. போன குளிர்காலத்தில் ஒரு சாவு வீட்டில் பெட்டி தூக்கக் குனிந்தபோது, பின்னால் வந்த அத்தனை பேரும் துக்கத்தை மறந்து அவர் முதுகைப் பார்த்தார்கள். மார்லிஸ் அன்றைக்கே சபதம் போட்டுவிட்டார். "இனிமே உனக்குச் சட்டை வாங்கித் தந்தா என்னை என்னன்னு கேளு."

எனவே இந்த வருஷம், வேட்டைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ரூடி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். ரெய்னோ இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை மட்டும் மார்லிஸின் மரப்பெட்டியில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் முழு வாலோடு மிஞ்சியிருந்த ஒரே வேட்டைச் சட்டை. மார்லிஸ் அதைத் துவைக்கவே இல்லை. காலரில் இன்னும் அப்பாவின் புகையிலை வாசனை இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். "அப்பா சட்டை. இதைப் போட்டுக்கிட்டுத் தவறவிட உனக்கு மனசு வராது. அப்படியும் வால் போச்சுன்னா, கிறிஸ்மஸ் வரைக்கும் நான் உன்கூடப் பேச மாட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சட்டையைக் கையிலிருந்து விட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதல் தேதி காலை ரூடி மேப்பிள் மரத்தடியில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்தார். வில் பிடிக்கும் இடது முன்கையில் தோல் காப்பைக் கட்ட எடுத்தார். நெடுவில்காரர்கள் அது இல்லாமல் இருக்க மாட்டார்கள். நாண் தெறித்துக் கையில் அடிக்காமலும், தொளதொளச் சட்டைக்கையில் சிக்காமலும் அது காக்கும். ரெய்னோ ஆஜானுபாகு, அந்தச் சட்டைக்கைக்குள் ரூடியின் இரண்டு கைகளும் போகும். காப்பை வைத்துப் பார்த்தார். மூன்று பக்கிள், மூன்றும் துருப்பிடித்து முனை நீட்டிக்கொண்டிருந்தன. கம்பளியில் பட்டால் நூலை இழுத்துவிடும். மாமனார் சட்டையில் ஒரு நூல் போனால்கூட மார்லிஸுக்கு மனசு கேட்காது. காப்பைப் பைக்குள் போட்டுவிட்டார்.

எட்டரை மணிக்கு மான் வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு, பதினைந்து தப்படி தூரம், காற்று எதிர்முகம், காலரின் புகையிலை வாசனைகூட அந்தப் பக்கம் போகாது. அறுபத்திரண்டு வயதில் இதைவிடச் சுலபமாக ஒரு மான் வரப்போவதில்லை. ரூடி நாணைக் காது வரை இழுத்து விட்டார். நாண் சட்டைக்கையைக் கவ்வியது, முன்கையில் சுளீரென்று அறைந்தது, அம்பு கோணிக்கொண்டு போய் மானுக்கு நாலடி முன்னால் ஒரு உளுத்த கட்டையில் குத்தியது. மான் ஓடக்கூட இல்லை. கட்டைக்குப் போய், அம்பின் சிறகை முகர்ந்து பார்த்து, தும்மிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனது.

சுற்றிலும் வேறு சாட்சி இல்லை. ரூடி அம்பைப் பிடுங்கி, ஓட்டை மேல் பாசியை அப்பிவிட்டார். குடிலுக்கு நடக்கும்போது மரங்களிடம் ஒத்திகை பார்த்தார். "ஒண்ணும் பாக்கல." கொஞ்சம் அலுப்பாக, "ஒண்ணும் பாக்கலப்பா." பிறகு கோபமாக, "பாத்தாத்தானே சொல்றதுக்கு!" மூன்றாவது நன்றாக இருந்தது. அதையே பிடித்துக்கொண்டார்.

குடிலில் பேஸ்டி வெந்துகொண்டிருந்தது. மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடியது. அதற்குக் கெட்சப்பா குழம்பா என்று க்ளெனும் ஆர்விலும் வழக்கம்போல மல்லுக்கு நின்றார்கள். "என்ன மச்சான், கண்ணுல ஏதாச்சும் பட்டுச்சா?" என்றார் க்ளென்.

"பாத்தாத்தானே..." என்று ஆரம்பித்த ரூடி அங்கேயே நின்றார். மார்லிஸ் அடுப்பருகே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தேன். எட்டுக் கொம்பு. பதினஞ்சு தப்படி. தவற விட்டுட்டேன்."

ஆர்வில் முட்கரண்டியைக் கீழே போட்டார். "யோவ், வருஷம் பூரா வாயைத் தொறந்தாப் பொய்யி. இன்னைக்கு ஒரு நாள் சொன்னா என்னய்யா கொறைஞ்சு போயிருவ?"

"அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் விட்றலாம். அப்பா சட்டைக்கா," என்றார் க்ளென். பிறகு கெட்சப்பைக் குறை சொல்லியபடி இருமினார்.

"விடக் கூடாதுடா," என்றார் ரூடி. "எனக்கு விட்டா, செவுத்துல இருக்குற அத்தனை வாலும் எறங்கி வந்து நியாயம் கேக்கும். உங்க அப்பா வால் மொதல்ல கேக்கும்."

மார்லிஸ் கிட்டே வந்தார். "கையைக் காட்டு." சட்டைக்கையை அவரே சுருட்டினார். முன்கையில் நாவல்பழ நிறத்தில் ஒரு தடிப்பு எழும்பியிருந்தது. "காப்பு எங்க?"

ரூடி பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"ஏன் கட்டல?"

"பக்கிள் பட்டு நூல் பிரிஞ்சிரும்னுதான். உங்க அப்பா சட்டையாச்சே."

"அட மடையா," என்றார் மார்லிஸ். "நூலைக் காப்பாத்தி வாலைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறியே." சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. முந்தானை மாதிரி மேலங்கியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து வந்தார். ரூடி திரும்பி நின்று சட்டையை வெளியே இழுத்துவிட்டார். கத்தரிக்கோல் வாயைத் திறந்தது, மூடியது. துணியில் படவே இல்லை. மறுபடி திறந்தது. க்ளென் அடுப்பையும் ஆர்வில் ஜன்னலையும் பார்த்தார்கள்.

"எனக்கு வரல ரூடி," என்றார் மார்லிஸ்.

ரூடி இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், வாலின் இரண்டு முனைகளையும் பிடித்து, கோணாமல் வெட்டுவதற்கு வாகாக விறைப்பாக இழுத்துக் கொடுத்தார். கத்தரி வருவது முதுகுப் பக்கம் என்றாலும், வயிற்றையும் எக்கிக்கொண்டார்.