இன்னொரு முறை கேட்டிருந்தால்

கோவையில் பொது மருத்துவத்தில் எம்.டி. படித்த வருடங்களில் எங்கள் யூனிட்டில் என் வருடத்துக்காரர் ஒருவர் இருந்தார். பேச்சு குறைவு. பேராசிரியர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் பெண்கள் வார்டு முழுவதையும் நாங்கள் இருவரும் பார்த்து முடிக்க வேண்டும். அவர் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டுவார். நானும் கேட்பேன். என்ன கேட்டது என்பதைப் பிறகுதான் பேசுவோம்.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்தார். படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தவர், மருந்தில் நீர் வடிந்து மெல்லத் தேறினார். தேறியதும் வார்டில் நடப்பதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு காலை நான் அவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

“ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரரு இன்னும் ஒண்ணும் சாப்புடலயாட்ட இருக்குதுங்க. மொகமே வாடிக் கெடக்குது.”

அடுத்த கட்டிலருகே கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. மறுத்திருக்கலாம். “சொல்றேனுங்க” என்று மட்டும் சொன்னேன்.

ரவுண்ட்ஸ் முடிந்து கேன்டீனுக்குப் போனோம். “சொல்றேன்னீங்க. இன்னும் சொல்லவே இல்லீங்களே” என்றார்.

“சாப்பிடுங்க” என்றேன். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து வார்டுக்குப் போகும் காலைகள் எனக்கு வேறாகிவிட்டன.

படிப்பு முடிந்ததும் இதய மருத்துவ மேற்படிப்புக்கு அவருக்கு டெல்லியில் இடம் கிடைத்தது. அந்தத் தேர்வுக்கு அவர் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் நான்தான். வழியனுப்ப ரயில் நிலையம் போயிருந்தேன்.

“நீங்களும் அடுத்த வருஷம் எழுதுங்க. அங்கயே வந்துருங்க” என்றார்.

“கொடுமுடில அம்மா தனியா இருக்காங்க. டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிட்டுப் போகணும்.”

“தெரியுமுங்க” என்றார்.

இன்னொரு முறை கேட்பார் என்று நினைத்தேன். ரயில் நகரும் வரை பிளாட்பாரத்தில் என் பக்கத்திலேயே நின்றார். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அவர் அங்கேயே வேலையில் சேர்ந்தார், கல்யாணமும் ஆயிற்று. அம்மா போன பிறகும் நான் இங்கேயே இருக்கிறேன், எம்.டி. மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு. ரவுண்ட்ஸில் ஏதாவது கேள்வி கேட்டுவிட்டு, சில நாள் பதில் வருவதற்கு முன்பே பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

போன வாரம் ரவுண்ட்ஸ் நடுவே அவரிடமிருந்து போன் வந்தது. அவரிடம் பார்த்த நோயாளி ஒருவர் கோவைக்குத் திரும்புகிறாராம். மருந்து அளவுகளைச் சொன்னார், குறித்துக்கொண்டேன்.

“அங்க மழைங்களா?” என்றார்.

“தூறலுங்க.”

“சரிங்க, வச்சர்றேன்” என்றார். மாணவர்கள் அடுத்த கட்டிலருகே காத்திருந்தார்கள். போனேன்.