கிடைச்சிடுச்சு!

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கூடவே அம்மாவின் குரல்: "உட்காருங்க ஐயா. எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்த பாடம்தான்."

உள்ளறையில் கணினி முன்னால் இருந்த சோப்புக்காரி சட்டென்று எழுந்தாள். வந்திருப்பவர் அவளுடைய கல்லூரிப் பேராசிரியர்.

சோப்புத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் ஆறு வருடமாகக் காரம் அளந்ததில் வீட்டில் கிடைத்த பட்டம்தான் 'சோப்புக்காரி'. ஊரார் அழுக்கையெல்லாம் போக்கிய அந்தக் கைகளுக்குத் தன் தலையெழுத்தை மட்டும் வெளுக்கத் தெரியவில்லை. வேதியியலில் முனைவர் ஆக வேண்டும், அதுவும் ஐரோப்பாவில். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பல்கலைக்கழகங்களுக்கு எழுதினாள். நாற்பத்தொரு பதிலும் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்றே தொடங்கின. அத்தனை மரியாதையாக அவளை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதில்லை.

போன வாரம்தான் அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. சோப்பு நுரை பற்றிய ஆராய்ச்சி, சம்பளத்தோடு. "கிடைச்சிடுச்சும்மா!" என்று கத்தினாள். கிடைத்தது விளம்பரம், அடுப்படியில் இருந்த அம்மாவின் காதில் விழுந்தது வேலை. பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெற்றவளின் கண்ணில் ததும்பிய ஆனந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம்தான் பாக்கி. இன்று ஐந்து மணியோடு கெடு. இப்போது மணி நாலு.

கூடத்துக்கு வந்தாள்.

"வாம்மா! கேள்விப்பட்டதும் ஓடி வந்தேன்" என்றார் பேராசிரியர். "கடிதம் கேட்டு எனக்கு ஒரு மெயில் வந்துது. அதான் கிடைச்சிடுச்சே, இனி எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், அது வந்து..."

அம்மாவின் முகம் விளக்கு ஏற்றியதுபோல இருந்தது. சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள்.

"கிடைச்சதுதான் சார். ஆனா உங்க கடிதம் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போகணுமாம்."

"இது என்ன கூத்து? கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு பார்க்கற கதையால்ல இருக்கு!" என்றாள் அம்மா.

பேராசிரியர் உள்ளறையில் போய் உட்கார்ந்தார். "ரகசியக் கடிதம்மா, நீ பார்க்கக் கூடாது" என்று அவளை வெளியே அனுப்பினார். ஒற்றை விரலால் அவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் அறைக்கு வெளியே நின்றவளின் நெஞ்சில் விழுந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்தார். "அனுப்பியாச்சு!"

சோப்புக்காரிக்குக் கண் நிறைந்தது. வாசல்வரை கூடவே போனாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "முதல் வரியே பிரமாதமா விழுந்துடுச்சும்மா. 'இவளை நீங்கள் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி'ன்னு போட்டிருக்கேன். நன்றின்னு ஆரம்பிச்சா அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் சார். அவங்களும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

அவர் சிரித்தபடியே படியிறங்கிப் போனார். அம்மா கதவைச் சாத்தினாள்.