ராணியின் சிரிப்பு

தசராவுக்கு மைசூரில் எங்கள் வீட்டிலும் பொம்மை வைப்போம். "கண்ணால பாரு, கையால தொடாதே" என்று மகளை அதட்டியே வளர்த்தவள் நான்.

போன வருஷம் தெருவில் எல்லோரையும் வெற்றிலை பாக்குக்கு அழைத்துவிட்டு, கண் தெரியாத எதிர்வீட்டு சவிதாவை மட்டும் விட்டுவிட்டேன். வந்து என்ன பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

என் ஏழு வயது மகள் அவரைக் கைபிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். நான் தடுப்பதற்குள், என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மர ராணியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மெல்லப் பாருங்க ஆன்ட்டி."

சவிதாவின் விரல்கள் கிரீடத்திலிருந்து இறங்கி உதட்டில் நின்றன.

"ராணி ஒரு பக்கமா சிரிக்கிறா, இல்ல?"

குனிந்து பார்த்தேன். இடது ஓரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. பன்னிரண்டு வருஷமாக நான் துடைத்து வைக்கும் பொம்மை.

இந்த வருஷம் முதலில் சவிதாவைத்தான் அழைத்தேன். ராணியைத் துடைக்கும்போது கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு என் விரலுக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.